கோமோ ஏரிக்கரையில் குடும்ப விடுமுறையும் ரோடு பைக்கும்: கேள்வி பதில்

குடும்பத்தோடு நான்கு கோடை விடுமுறையை வட இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் கழித்திருக்கிறேன். நான்கு தடவையும் ரோடு பைக் (தார்ச்சாலைக்கான பந்தய வகைச் சைக்கிள்) ஓட்டினேன். இந்த வருஷம் அங்கே போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, மனைவி, எட்டு வயசுப் பெண், நாலு வயசுப் பையனோட ஏரிக்கரை ஊரான பெல்லாஜியோவில ஒரு வாரம். நான் சைக்கிளை எடுத்தா வீட்டில மனஸ்தாபம் வருமோன்னு தயக்கமா இருக்கு.

விடியற்காலையில் ஓட்டுங்கள் தம்பி. ஜூலையில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடும். ஒன்பது மணிக்குள் சூடான ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் அப்போதுதான் கண் விழித்திருப்பார்கள். பத்து மணிக்கு மேல் ஏரிக்கரைச் சாலையில் டூரிஸ்ட் பஸ்ஸும் காரும் நெரியும், வெயிலும் ஏறிவிடும். ஆக, குடும்பத்துக்கு இடைஞ்சல் இல்லாத நேரம்தான் ஓட்டுவதற்கும் பத்திரமான நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். மனஸ்தாபம் வருவது சைக்கிளால் அல்ல, காத்திருக்க வைப்பதால்தான்.

கேள்வி: பெல்லாஜியோவுக்கு மேலே உள்ள கிசால்லோ மலை ஏற்றம் என்னால் முடியுமா? வார இறுதியில் 60 கி.மீ. ஓட்டுவேன், ஆனால் சமதரை.

முடியும். பெல்லாஜியோவிலிருந்து மேலே சிற்றாலயம் வரை கிட்டத்தட்ட 10 கி.மீ., உச்சி கடல் மட்டத்திலிருந்து 754 மீட்டர். முதல் நான்கு கி.மீ.தான் சோதனை. சில இடங்களில் 14 சதவீதம் வரை செங்குத்து. அங்கே மூச்சு வாங்கும்படி ஓட்டாதீர்கள், உட்கார்ந்தபடியே சின்ன கியரில் மெல்ல ஏறுங்கள். அதைத் தாண்டினால் நடுவில் சமதரையும் சிறு இறக்கமும் வரும், கால் ஆறும். கடைசி ஒன்றரை கி.மீ. மறுபடி செங்குத்து.

திரும்ப அதே வழியில் இறங்காமல் அஸ்ஸோ, வால்ப்ரோனா ஊர்கள் வழியாக ஏரிக்கரை ஊரான ஓன்னோவுக்கு இறங்கி, கரையோரமாகவே பெல்லாஜியோ வந்து சேரலாம். மொத்தம் சுமார் 40 கி.மீ. அந்தக் கடைசிப் பகுதியில் காலை நேரத்தில் ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும். என் மனதில் நிற்கும் சாலை அதுதான்.

கேள்வி: அந்த ஆலயத்தில் பிள்ளைகளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒருநாள் நீங்கள் ஏறிப்போங்கள், வீட்டார் காரில் வரட்டும். கிசால்லோ மாதாவைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாகப் போப் பன்னிரண்டாம் பயஸ் 1949இல் அறிவித்தார். நாலு பேர் நின்றாலே நெருக்கமாகத் தெரியும் உள்ளறையில் சுவர் தெரியாமல் பந்தய வீரர்களின் ஜெர்சிகள், மேலே கோப்பி, பார்த்தாலி, மெர்க்ஸ் என்ற பழைய சாம்பியன்கள் ஓட்டிய சைக்கிள்கள். ஃபாபியோ கசார்தெல்லியின் சைக்கிளும் அங்கே இருக்கிறது. அவர் கோமோ பக்கத்துக்காரர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்றவர். 1995 டூர் டி ஃபிரான்ஸில் மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார், ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. என் மகள் அந்தச் சைக்கிளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா, நீ ஹெல்மெட் போட்டுத்தானே வந்தே?" என்று கேட்டாள். இத்தாலியில் பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. நீங்கள் போடுங்கள், பிள்ளைகளுக்கும் போடுங்கள். பக்கத்திலேயே சைக்கிள் அருங்காட்சியகமும் உண்டு.

கேள்வி: ஏரிக்கரைச் சாலையில் வரும் சுரங்கப்பாதைகளை நினைத்தால்தான் பயம்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். வெளியே பளீரென்ற வெயில், உள்ளே நுழைந்ததும் இரண்டு மூன்று விநாடி கண் இருட்டிவிடும். பாறையில் கசியும் தண்ணீரால் தார் ஈரமாக இருக்கும். பின்னால் வரும் காரின் சத்தம் நாலு பக்கமும் எதிரொலித்து, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றே புரியாது. கறுப்புக் கண்ணாடியை முன்பே கழற்றிவிடுங்கள், பிரேக்கில் விரல் இருக்கட்டும். முன், பின் விளக்கும், ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கியும் சுரங்கத்தில் சட்டப்படி கட்டாயம்.

இதைவிட முக்கியம், கிழக்குக் கரையில் எஸ்எஸ்36 நெடுஞ்சாலையில் ஏறிவிடாதீர்கள். அங்கே சைக்கிளுக்குத் தடை. சில மேப் செயலிகள் கார் வழியையே காட்டிவிடும். கரையை ஒட்டிய பழைய எஸ்பி72 சாலையைப் பிடியுங்கள். தூரம் போகும் வண்டிகளை அந்த நெடுஞ்சாலை இழுத்துக்கொள்வதால்தான் பழைய சாலையில் நெரிசல் குறைவு. அந்தக் கரையில் உள்ள வரேன்னாவிலிருந்து வடக்கே கோலிக்கோ போய்வர 40 கி.மீ. இருக்கும். காலையில் வடக்கிலிருந்து திவானோ காற்று வீசும், போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து பிரேவா வீசும்.

கேள்வி: பெல்லாஜியோவிலிருந்து வரேன்னாவுக்குச் சைக்கிளோடு எப்படிப் போவது?

கார் ஏற்றும் ஃபெர்ரியில். கால் மணி நேரம்தான், சைக்கிளுக்குத் தனி டிக்கெட். ஹைட்ரோஃபாயில் வேகப் படகில் ஏற்ற மாட்டார்கள்.

கேள்வி: சைக்கிளை வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கியர். ஒரு கடையில் முன்பல் சக்கரத்தில் 52/36 பல் போட்ட, ஏற்றத்தில் மிதிக்கக் கனமான பந்தய சைக்கிளைக் கொடுத்தார்கள், நானும் பல்லை எண்ணாமல் வாங்கிவிட்டேன். கிசால்லோவின் முதல் ஏற்றத்தில் முழங்கால் வலி பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் படி இறங்கவே சிரமப்பட்டேன். முன்னால் சின்னச் சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 32 அல்லது 34 பல் என்று மெயிலிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். பெடலும் ஷூவும் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். கடையை விட்டுப் புறப்படும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: 'சோர்மானோ சுவர்' என்கிற அந்தச் செங்குத்துச் சாலையையும் ஏறிவிடலாமா?

இரண்டு கி.மீ.க்கும் குறைவு, ஆனால் சராசரியே 15 சதவீதத்துக்கு மேல். குடும்பத்தோடு போகும் பயணத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை. அங்கிருந்து நெஸ்ஸோவுக்கு இறங்கும் சாலையில்தான் 2020 இல் லொம்பார்தியா பந்தயத்தில் பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனபோல் பாலச் சுவர் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். போனால் இறக்கத்தில் நிதானம்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவரோட மனைவி நான். நானும் பிள்ளைகளோட ஓட்டணும், கார் இல்லாத வழி சொல்லுங்க.

நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா. ஒருநாள் இசேயோ ஏரிக்குப் போங்கள். வெல்லோவிலிருந்து தொலினே வரை பழைய கரைச்சாலை, சுமார் 5 கி.மீ., கார் கிடையாது. கார்தா ஏரிப் பக்கம் போனால் லிமோனே ஊரில் 2018இல் திறந்த சைக்கிள் பாதை பாறைச் சுவரை ஒட்டித் தண்ணீருக்கு மேலே தொங்குகிறது, பெண்ணுக்குப் பிடிக்கும். அதே ஏரியின் தென்முனையில் பெஸ்கியேராவிலிருந்து மின்சியோ ஆற்றோரமாக மாந்துவா வரை 40 கி.மீ.க்கு மேல் சமதரை. வேண்டிய தூரம் போய்த் திரும்பலாம். பையனை இருக்கையில் பெல்ட் போட்டுப் பின்னால் உட்கார வையுங்கள். அன்றைக்கு அவன் இருக்கை உங்கள் வீட்டுக்காரர் சைக்கிளில் இருக்கட்டும், நீங்கள் முன்னால் போங்கள்.