ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் படம் வரைதலும்: கேள்வி பதில்

புதுச்சேரியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். பெற்றோர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

லாஸ்பேட்டை அம்மா: அக்கா, எட்டு வயசுப் பையன். எந்நேரமும் கடலூர் பஸ்தான் வரையறான். எப்படி மாத்துறது?

மாற்றாதீங்கம்மா. படங்களில் தேதி போட்டு வரிசையாக அடுக்கிப் பாருங்க. என்னிடம் வரும் ஒரு பையன் முதலில் வைப்பர், ஜன்னல் கம்பி, ஊர்ப் பலகை மட்டும்தான் போடுவான். அப்புறம் ஒருநாள் கடைசி ஜன்னலில் வட்டமாக ஒரு தலை வந்தது. யாரென்று நான் கேட்கவில்லை. அவனே விரல் வைத்து, "நான்" என்றான். பேச்சில் தன்னை "நீ" என்றே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. பஸ்ஸை நிறுத்தியிருந்தால் அந்தத் தலை வந்திருக்காது. லண்டனில் 1974இல் பிறந்த, ஆட்டிசம் உள்ள ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரும் சின்ன வயதில் பேச்சு வராமல் இருந்தவர். பஸ், கட்டடம் என்று வரைந்தே வளர்ந்தார். அதற்காக உங்க பிள்ளையும் அவர் மாதிரி ஆகணும் என்று எதிர்பார்க்காதீங்க. பிள்ளையின் தாளில் உங்க பென்சில் படவே கூடாது.

வில்லியனூர் அம்மா: கறுப்பு மட்டுமே தீட்டுறா. மனசுல ஏதாவது கஷ்டமா?

நிறத்தை வைத்து மனசைச் சொல்ல முடியாது. கறுப்பு கிரேயான் பளிச்சென்று பதியும், அது பிடித்திருக்கலாம். தூக்கமோ சாப்பாடோ மாறியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்க.

அரியாங்குப்பம் அப்பா: மருந்து தேவையா மேடம்?

என் துறை இல்லை. ஜிப்மர் மருத்துவமனையில் கேளுங்க.

தேங்காய்த்திட்டு அம்மா: எங்க பொண்ணு மீனையே வரையறா...

முதல் பதிலைப் படிங்கம்மா. மீனுக்கும் அதுதான். தாளில் கை வைக்காதீங்க.

கடலூர் சார்: பள்ளிக் கண்காட்சியில் படத்துக்குக் கீழே 'ஸ்பெஷல் சைல்ட்' என்று போடலாமா? பார்ப்பவர்களுக்குப் புரியுமே.

முத்தியால்பேட்டை அம்மா: வேண்டவே வேண்டாம் சார், நாளைக்குச் சொந்தக்காரங்க பேசுவாங்க.

இரண்டு பேருமே பிள்ளையைக் கேட்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. சான்றிதழ் வாங்குங்க, அது உரிமை, அதில் வெட்கம் வேண்டாம். ஆனால் சுவரில் பெயரும் அவன் வைத்த தலைப்பும் போதும். அந்தச் சொல்லை முதலில் படித்தவர் படத்தைப் பார்ப்பதில்லை, பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். வளர்ந்தபின் அவனே "எனக்கு ஆட்டிசம்னு போடுங்க" என்றால், பெரிய எழுத்தில் போடுங்க.

கடலூர் சார்: சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்மா?

தெரியும் சார். அந்தச் சொல்லோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று என்று இரண்டு அட்டை எழுதி முன்னால் வையுங்க. பேசாத பிள்ளையும் வேண்டாததைக் கையால் தள்ளிவிடும். தள்ளியதை மறுபடி எடுத்து ஒட்டாதீங்க.