சாயம் வாங்கும் முன் துணியைக் கொளுத்திப் பாருங்கள்

நிறம் மங்கிய காட்டன் சுடிதாருக்குச் சாயம் ஏற்ற வேண்டும். ஃபேன்சி ஸ்டோர் பாக்கெட் போதுமா?

ஓரிரு மாதம் ஓட்டினால் போதும் என்றால் சரி. அந்தப் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் டைரக்ட் டை. கொதிநீரும் உப்பும் போதும், ஆனால் ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் விடும். நிறம் நிற்க வேண்டுமானால் ரியாக்டிவ் டை வாங்குங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கக் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். திருப்பூர், ஈரோடு, கரூர்க்காரர்களுக்கு வழி சொல்லவே வேண்டாம்.

‘பச்சைச் சாயம் கொடுங்க’ என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டியதைக் கொடுப்பார். ‘காட்டனுக்கு, ரியாக்டிவ், கோல்ட் பிராண்ட்’ என்று கேளுங்கள். கோல்ட் (cold) என்றால் சூடாக்காமலே பிடிக்கும் வகை. ஹாட் பிராண்ட் என்றால் 80 டிகிரி சூட்டில் பிடித்து வைக்க வேண்டும். வீட்டில் அது தொல்லை. கோல்ட் பிராண்ட் ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். மூடாத டப்பாவில் கட்டி தட்டிக் கிடக்கும் தூளை மலிவாகத் தந்தாலும் வேண்டாம். பிரித்துக் கட்டித் தரும் பொட்டலத்தின் மேல் பெயரை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கால் கிலோ துணிக்கு 5 லிட்டர் தண்ணீர், 8 கிராம் சாயம், கால் கிலோ உப்பு. நனைத்த துணியைப் போட்டு அரை மணி நேரம் கிளறிய பிறகு, 75 கிராம் வாஷிங் சோடாவைக் கரைத்து ஊற்றி இன்னும் ஒரு மணி நேரம். இந்தச் சோடாவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மளிகைக் கடையில் வெறுமனே ‘சோடா உப்பு’ என்று கேட்டால் ஆப்ப சோடாதான் வரும். அதில் சாயம் சரியாகப் பிடிக்காது. கடைசியில் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து அலசுங்கள், ஒட்டாத சாயமெல்லாம் வெளியேறட்டும். தூளைக் கரைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்; மூச்சோடு உள்ளே போனால் சிலருக்கு இளைப்பு வரும்.

பையனின் யூனிஃபார்ம் பேன்ட்டுக்குக் கறுப்புச் சாயம் போட்டேன். அலசியதும் பழையபடியே ஆகிவிட்டது. சாயம் போலியா?

சாயத்தைத் திட்டாதீர்கள். யூனிஃபார்ம் துணியில் பெரும்பங்கு பாலியெஸ்டர். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து மென்சாம்பலாகும். பட்டு, முடி கருகிய நாற்றம் அடிக்கும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். அதற்கு டிஸ்பர்ஸ் டை, அதுவும் அழுத்தத்தில் 130 டிகிரி வேண்டும். பட்டறை வேலை, விட்டுவிடுங்கள்.

‘எல்லாத் துணிக்கும்’ என்று அச்சிட்ட பாக்கெட்டுகளில் பொதுவாக டைரக்ட் டையும், பட்டுக்கும் கம்பளிக்குமான ஆசிட் டையும் கலந்திருக்கும். பாலியெஸ்டர் அந்த ‘எல்லா’வில் சேராது.

சாயமிட்ட குர்த்தாவில் தையல் மட்டும் வெள்ளையாக நிற்கிறதே?

பாலியெஸ்டர் நூல். அழகென்று சொல்லிக்கொண்டு போட வேண்டியதுதான்.

வீட்டில் இருக்கும் கேசரி பவுடர் துணிக்கு ஆகுமா?

காட்டனுக்கு ஆகாது, அலசினால் போய்விடும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகும், ஏனென்றால் அதுவும் ஆசிட் டை வகைதான். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு, கொதிக்க விடாமல் சூட்டில் வையுங்கள். ஜரிகைப் புடவையில் மட்டும் சோதனை வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் இயற்கைச் சாயம் கிடைக்குமா?

தாராளமாக. கடுக்காய், மஞ்சிட்டி, மாதுளை ஓடு, படிகாரம், அன்னபேதி (இரும்பு உப்பு) என ஒரே கடையில் முடித்துவிடலாம். காட்டனைக் கடுக்காய் நீரில் ஊறவைத்துக் காயவிட்டு, படிகார நீரில் முக்கி, பிறகு மஞ்சிட்டியில் போட்டால் செம்மை ஏறும். கடுக்காய்த் துணியை அன்னபேதிக் கரைசலில் நனைத்தால் கண்முன்னே கருஞ்சாம்பல் நிறமாகும். எனக்கு இன்றும் அலுக்காத வேடிக்கை. அன்னபேதி ஒரு சிட்டிகை போதும், கூடினால் துணி நைந்துவிடும்.

அங்கே விற்கும் அவுரி (இண்டிகோ) பொடி தலைமுடிக்கு. அதை வைத்து ஜீன்ஸ் நீலம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மஞ்சள் தூளும் வேண்டாம்: வெயிலில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும்.

மிஞ்சிய சாயத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

கூடாது. சாயத்தைவிட அதிலுள்ள உப்பும் சோடாவும்தான் செடியைக் கொல்லும். கிணற்றடியிலும் வேண்டாம். கழிவுநீர்க் குழாயில் நிறையத் தண்ணீர் சேர்த்து விடுங்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்குப் பிறகுதான் 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஒரு வாளி அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் வாரா வாரம் சாயம் போடுகிறவர் என்றால் அளவாகக் கரையுங்கள்.