பிப் 'இருக்கிறது' என்கிறது, பைத்தான் 'இல்லை' என்கிறது. எதை நம்புவது?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: பைத்தானுக்கு லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பிடம், டெர்மினலில் 'பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்' என்று அடித்து 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரியைக் கேட்டால் ஏற்கெனவே இருப்பதாகச் சொல்கிறது. அவரே விஎஸ் கோட் எடிட்டரில் ரன் கொடுத்தால், அந்த லைப்ரரி இல்லை என்று 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்' வருகிறது. மூன்று முறை அழித்துப் போட்டும் தீரவில்லையாம்.

இரண்டும் பொய் சொல்லவில்லை. உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது; பிப் ஒன்றில் போடுகிறது, விஎஸ் கோட் இன்னொன்றில் தேடுகிறது. நூறு முறை அழித்துப் போட்டாலும் அதே இடத்தில்தான் போய் உட்காரும். இந்தப் பிழைக்கு 'மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பாருங்கள்' என்று சொல்பவர்களை நான் நம்புவதே இல்லை.

முதலில், பிழை வரும் ஃபைலின் முதல் வரியில் 'சிஸ்' மாட்யூலை இம்போர்ட் செய்து, 'சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்' மதிப்பை பிரிண்ட் செய்யுங்கள். ஓடுகிற பைத்தானின் முழுப் பாதை வரும். அப்புறம் டெர்மினலில் 'பிப் --வெர்ஷன்' அடியுங்கள். பிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த பைத்தான் பதிப்புக்கானது என்று அந்த ஒரே வரியில் வந்துவிடும். ஒன்றில் 3.12, மற்றதில் 3.9 என்று இருந்தால் சிக்கல் அங்கேயே தெரிந்துவிட்டது. பதிப்பு ஒன்றாக இருந்தாலும் பாதையைப் பாருங்கள். ஒரே பதிப்பு இரண்டு இடத்தில் இருப்பது சகஜம்.

தீர்வு: விஎஸ் கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அமுக்கி, 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' என்பதில் சரியான பைத்தானைத் தேர்ந்தெடுங்கள். இனிமேல் வெறும் 'பிப்' என்று அடிக்காமல் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று அடித்துப் பழகுங்கள். எந்த பைத்தானைக் கூப்பிடுகிறீர்களோ அதிலேயே போய் விழும். ஜூபிட்டர் நோட்புக்கில் என்றால் ஆச்சரியக்குறிக்குப் பதில் பெர்சன்ட் குறி போட்டு 'பிப்' எழுதுங்கள். அந்த நோட்புக்கை ஓட்டிக்கொண்டிருக்கும் பைத்தானுக்கே (கர்னல்) போகும்.

லினக்ஸில் டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், சிஸ்டத்தோடு வரும் பைத்தானில் பிப் எதையும் போட விடாது. அதை மீற 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, தொடாதீர்கள். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு 'வென்வ்', அதாவது தனிப் பைத்தான் சூழல், உருவாக்கிக்கொள்வதுதான் நல்லது.

பாதை ஒன்றாக இருந்தும் ஓடவில்லையா? உங்கள் சொந்த ஃபைலின் பெயரைப் பாருங்கள். 'ரிக்வெஸ்ட்ஸ்.பிஒய்' என்று வைத்திருந்தால் கதை வேறு. ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் நிறுவிய லைப்ரரிகளுக்கு முன்னால் தேடும், அதனால் உங்கள் ஃபைல் தன்னைத்தானே இம்போர்ட் செய்துகொள்ளும். அப்போது 'மாட்யூல் இல்லை' என்று வராது. 'கெட்' என்ற ஆட்ரிப்யூட் இல்லை, பெரும்பாலும் சர்க்குலர் இம்போர்ட்டாக இருக்கும் என்று வந்து இன்னும் குழப்பும். 3.13 பதிப்பிலிருந்துதான் ஃபைலின் பெயரை மாற்றச் சொல்லி பைத்தான் நேரடியாகவே யோசனை தருகிறது. 'ரேண்டம்', 'சிஎஸ்வி', 'ஈமெயில்' என்று பைத்தானோடு வரும் மாட்யூல்களின் பெயரையெல்லாம் பயிற்சி ஃபைலுக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று, நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் எல்லா லைப்ரரிக்கும் ஒன்றல்ல. 'பில்லோ' நிறுவினால் 'பிஐஎல்' என்று இம்போர்ட் செய்ய வேண்டும். 'ஓபன்சிவி-பைத்தான்' என்பது 'சிவி2', 'பையாமல்' (PyYAML) என்பது வெறும் 'யாமல்' (yaml). தெரியாத பெயரை ஊகித்து பிப்பில் அடிக்காதீர்கள். பிப் லைப்ரரிகளை எடுத்துவரும் பைபிஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் ஏற்றலாம். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மால்வேர் ஏற்றியவர்களும் உண்டு. அந்த லைப்ரரியின் சொந்த டாக்குமென்டேஷனில் என்ன போட்டிருக்கிறதோ அதை அப்படியே காப்பி செய்யுங்கள்.