ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஏன் இப்போதே?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர்ப் பக்கம் பள்ளியிலிருந்து சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்ததும் பல அம்மாக்கள் கேட்பது இதைத்தான்: "சின்னப் பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு?" நியாயமான கேள்வி.

எச்.பி.வி. என்பது தோல் உரசலால், பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ். பலருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குப் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் தங்கி, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கலாம். அந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான்.

ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் மேலோட்டைப் போன்ற புரதம் மட்டுமே. பள்ளி வாசல் காவலரிடம் திருடனின் படத்தை முன்கூட்டியே கொடுத்து வைப்பது போல. படம் திருடாது, ஆனால் ஆள் வந்தால் காவலர் உடனே அடையாளம் கண்டு தடுப்பார். திருடன் உள்ளே நுழைந்த பிறகு படம் கொடுத்துப் பயனில்லை. ஏற்கெனவே தொற்றிய வைரஸை இந்த ஊசி விரட்டாது. வயது குறைவாக இருக்கும்போதே போடச் சொல்வது அதனால்தான். 9 முதல் 14 வயதில் உடலின் எதிர்ப்பும் வலுவாக உருவாகிறது.

தென்னாப்பிரிக்க அரசு 2014 முதல் அரசுப் பள்ளிச் சிறுமிகளுக்கு இதை இலவசமாகப் போடுகிறது. படிவத்தில் கையெழுத்து இல்லாததால் ஒரு பிள்ளைக்கு இது தவறிப்போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கை வலி, லேசான காய்ச்சல் வரலாம். ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

"ஊசி போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது" என்று சிலர் பயப்படுகிறார்கள். அது உண்மையல்ல, கருத்தரிக்கும் வாய்ப்பைப் பறிக்கக்கூடியது அந்தப் புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும்தான்.