ஜெனரேற்றர் ஸ்ராட் ஆனால் போதுமா?

கேள்வி: மூன்று மாடி அரச அலுவலகம் ஒன்றின் பராமரிப்பைப் பொறுப்பேற்று நான்கு மாதம். ஒரு லிப்ற், ஒரு ஜெனரேற்றர், பத்துப் பதினைந்து ஏசி, இரண்டு தண்ணீர்ப் பம்ப். எது பழுதானாலும் ஏச்சு எனக்குத்தான். முன்கூட்டியே சேர்விஸுக்குக் காசு கேட்டால், "இப்ப ஓடுதுதானே, பிறகு பாப்பம்" என்கிறார் கணக்காளர். என்ன செய்யலாம்?
– தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, கணக்காளரில் பிழை சொல்ல மாட்டேன். வாயால் கேட்டதை அவர் எந்தக் கோப்பில் போடுவார்? முதலில் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கி, திகதி, ஓடிய மணித்தியாலம், செய்த வேலை, முடிந்த காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். அவசரத்துக்குக் கூப்பிட்ட ஆளுக்குக் கொடுத்ததும் சேர்விஸுக்கு நீங்கள் கேட்பதும் ஒரே பக்கத்தில் இருந்தால் வாதாடவே தேவையில்லை.

இனி ஜெனரேற்றர். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கொப்பியில் 'சரி' போடுவோம். ஒரு கார்த்திகை மழையில் கரண்ட் போனது. எஞ்சின் அருமையாக ஓடியது. கட்டடம் மட்டும் இருட்டு! கட்டடத்தின் லோட்டை மெயினிலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் பெட்டியைத் திறந்தால், கொன்ராக்ரர் என்ற மின்சுவிச்சுக்கு நடுவில் ஒரு பல்லி, காய்ந்து கருவாடாய்க் கிடந்தது. அத்தனை வெள்ளிக்கிழமையில் ஒருநாளாவது லோட்டை மாற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

ஆகவே மாதத்துக்கு ஒருமுறை, ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டு, லிப்றில் ஆளில்லை என்றும் பார்த்துவிட்டு, மெயினை நிறுத்தி 30 நிமிடம் கட்டடத்தையே ஜெனரேற்றரில் ஓடவிடுங்கள். அதன் மின்கொள்ளளவில் 30 சதவீதமாவது லோட் ஏறவேண்டும். வெறுமனே ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எண்ணெய் தங்கும். புகைக்குழாய் வாயில் கறுப்பாகக் கசிவது அதுதான். ஸ்ராட் ஆகாத ஜெனரேற்றர்களில் பெரும்பாலும் குற்றவாளி பற்றறி. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

லிப்ற்றை நிறுவிய கொம்பனியிடமே விடுங்கள், உங்கள் ஆட்கள் கைவைக்க வேண்டாம். ஏசியில் உள் பில்ரரை அலுவலக உதவியாளரே கழுவலாம். வெளி யூனிற்றைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம். எங்கள் உப்புக் காற்றில் அதன் அலுமினியத் தகடு விரலால் தொட்டாலே மாவாய் உதிரும். சேர்விஸின்போது நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள், கிணற்றில் உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். அப்புறம், சுண்ணக்கல் தரை என்பதால் கேத்திலின் அடியில் பிடிக்கும் அதே வெள்ளைக் கல் தாங்கியின் மிதவை வால்விலும் பிடிக்கும். வால்வு இறுகினால் தாங்கி வழியும்.

காலமும் பார்க்கவேண்டும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அரச நிதியாண்டு முடிவது டிசம்பர் 31. ஜெனரேற்றர் அதிகம் தேவைப்படும் நேரத்தில் வோட்டில், அதாவது அந்தச் செலவுக்கென்று ஒதுக்கிய தலைப்பில், காசு தீர்ந்திருக்கும். விலைமனுவை ஆண்டுத் தொடக்கத்திலேயே கோரி, ஆவணிக்குள் சேர்விஸை முடித்துவிடுங்கள்.

சேர்விஸுக்கு வருபவரிடம், மின்சாரத்தை முழுதாக நிறுத்தியபின், சேஞ்ச்ஓவர் பெட்டிக்குள் வயர் போகும் ஓட்டைகளையும் அடைக்கச் சொல்லுங்கள். எங்கள் பல்லி அதற்குள்ளால்தான் வந்தது.