எச்ஐவி பாதித்த குடும்பத்துக்குத் திருச்சபை என்ன செய்ய முடியும்?

முதலில் நாவைக் காக்க வேண்டும். ‘இந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள்’ என்று நோயின் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த ஞாயிறே அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வராது. நம்பிச் சொன்னதைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை இந்தியாவின் 2017-ம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் தடுக்கிறது.

அப்புறம் மாத்திரை. எச்ஐவி மருந்து கொடுக்கும் அரசு ஏஆர்டி மையத்தில் இலவசம்தான், ஆனால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறதே! காணிக்கைப் பணத்தில் அதைச் சத்தமில்லாமல் கொடுக்கலாம். ‘சுகமாயிற்று, மாத்திரையை நிறுத்து’ என்று மட்டும் எந்தப் பாஸ்டரும் சொல்லக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும். விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது.

திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் அருந்துவதாலும் பரவாது. வீடு சந்திக்கப் போனால் கொடுக்கிற காபியைக் குடியுங்கள். தொடாத டம்ளரில் ஆடை படிவதை அவர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

போதகருக்கே எச்ஐவி இருந்தால்? உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குரு கிதியோன் பியமுகிஷா 1992-லேயே தனக்கு இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். குருவாகவே தொடர்ந்தார்.