வயதான பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது: சிகிச்சையைத் தொடர்வதா, கருணைக்கொலையா?

உங்கள் பூனைக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருக்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது. டாக்டர் சலைன் ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார், வீட்டிலோ "பூனைக்குப் போய் இவ்வளவு செலவா" என்கிறார்கள். எப்படி முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீடு பாம்பனில். சூடை என்று ஒரு பூனை எங்களிடம் வளர்ந்து, இதே நோயில் போனாள். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தாலே கிரியேட்டினின் கூடிவிடும். சலைன் ஏற்றி, உடம்பில் நீர் சேர்ந்த பிறகு இன்னொரு தடவை பார்த்தால்தான் உண்மை நிலைமை தெரியும். திடீரென்று வந்ததா, நாள்பட்டதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். விஷம், தொற்று, சிறுநீர் அடைப்பு போன்றவற்றால் திடீரென்று வந்தது என்றால் தேறி வர வாய்ப்பு உண்டு. ஆண் பூனை உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

நாள்பட்ட நோய் குணமாகாது, தள்ளிப்போடத்தான் முடியும். சிறுநீரகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்ற பிறகுதான் வெளியே அறிகுறி தெரியும். அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அதிகமாகச் சிறுநீர் போகும், மெலியும். அதனால் "முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்று யார் சொன்னாலும் மனசில் ஏற்றாதீர்கள்.

சிகிச்சைக்கு மதுரை போவதென்றால் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். கூடைக்குள் அடைத்துக்கொண்டு அடிக்கடி போவது சூடைக்கு நோயைவிடப் பெரிய வேதனை. ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர், தோலுக்கடியில் சலைன் போட எங்களுக்கே கற்றுக்கொடுத்தார். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) என்ற சலைன் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, ஜன்னல் கம்பியில் மாட்டுவோம். அம்மா மடியில் துண்டு விரித்து அவளை உட்கார வைப்பார். நான் பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஊசியைச் செலுத்துவேன். தண்ணீர் இறங்க இறங்க முதுகில் ஒரு பை புடைக்கும், பிறகு மெல்ல முன்னங்கால் பக்கம் இறங்கி உடம்போடு சேர்ந்துவிடும். முதல் தடவை கை நடுங்கத்தான் செய்யும், பழகிவிடும். ஆனால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இது ஆபத்து.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. பூனை தட்டு வரை வந்து, மோந்து பார்த்து, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போனால் அதற்குப் பசி இருக்கிறது, குமட்டல்தான் தடுக்கிறது என்று அர்த்தம். "வாழ்க்கையே வெறுத்துப்போச்சு போல" என்று நினைத்துவிட வேண்டாம். குமட்டலுக்கு மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சூடை அந்த மருந்துக்கு அப்புறம் நன்றாகச் சாப்பிட்டாள். சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் பாஸ்பரஸ் குறைந்த தீவனம்தான் நல்லது, ஆனால் அவள் அதைத் தொடவே இல்லை. எதையாவது சாப்பிடுவதுதான் முக்கியம் என்றார் டாக்டர். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறி, அதுவே ஆளைக் கொன்றுவிடும். அதனால் நகரை மீனை அவித்து, தலையும் முள்ளும் நீக்கிக் கொடுத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், நல்ல மீன் கிடைப்பது கஷ்டம். அப்போதும் கருவாடு கொடுக்கவில்லை, அத்தனையும் உப்பு. எங்கள் பக்கத் தண்ணீரும் உப்பு என்பதால் அவளுக்கும் நல்ல தண்ணிதான்.

அந்த 61 நாளும் அப்பாவுக்குப் படகு இல்லை, வருமானமும் இல்லை. அதனால் காசைப் பற்றி நீங்கள் கேட்டதற்குத் தயங்காமல் சொல்கிறேன்: முடியாததை முடியாது என்று சொல்வது கல்நெஞ்சம் இல்லை. மாதம் இவ்வளவுதான் முடியும் என்று டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்குள் குமட்டல் மருந்து, சலைன், பிடித்த சாப்பாடு என்று உங்கள் பூனையை நிம்மதியாக வைத்திருக்க வழி சொல்வார்.

ஆனால் "அது தானா எங்கேயாவது போய்ச் செத்துரும், விட்டுரு" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பூனை வலியை மறைக்கும், சத்தம் போடாது, அவ்வளவுதான். முற்றிய சிறுநீரக நோயில் வாய்க்குள் புண் வரும், ஓயாத குமட்டல் இருக்கும், தாகம் அடங்காது. கரையேற்றிய வள்ளத்தின் அடியில் நாள்கணக்கில் அப்படிக் கிடந்து சாவது நிம்மதியான சாவு இல்லை. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

எப்போது போதும் என்பதை நாம் பதறாமல் இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-ல் ஒரு அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் என்றால் தொடரலாம். எங்களுக்கு அதில் கடைசிக் கேள்விதான் உதவியது. நல்ல நாளாக இருந்தால் அம்மா தினசரி காலண்டர் தாளில் ஒரு சுழி போடுவார். அப்பாவின் ஐஸ் பெட்டி வாசலில் இறங்கும் சத்தத்துக்கு, எவ்வளவு முடியாத நாளிலும் சூடை தலையையாவது தூக்குவாள். அதுவும் நின்று, சுழி இல்லாத தாள்களாகவே கிழிக்க ஆரம்பித்தபோது அப்பாவே "போதும்மா, புள்ளைய வதைக்க வேண்டாம்" என்றார்.

டாக்டர் முதலில் மயக்க ஊசி போட்டார். நன்றாகத் தூங்கிய பிறகு, அளவுக்கு அதிகமான மயக்க மருந்தை நரம்பில் ஏற்றினார். கண் மூடாது, உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுக்கிற மாதிரி உடம்பு அசையலாம். அது வலி இல்லை. இதை எங்களிடம் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படாமல் பக்கத்தில் இருக்க முடிந்தது. நீங்களும் முடிந்தால் இருங்கள். அவளுக்குத் தெரிந்த கை ஒன்று மேலே இருக்கட்டும்.

புதைப்பதாக இருந்தால் ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும், நாயோ காக்கையோ தின்றால் அதற்கும் ஆபத்து. எங்கள் பக்கம் மணல் பூமி, நாய்கள் சுலபமாகத் தோண்டிவிடும். இடுப்பளவு வெட்டி, மூடி, மேலே சீமைக்கருவேல முள்ளைப் போட்டோம். குழியை முதல் நாளே யாரையாவது வெட்டி வைக்கச் சொல்லுங்கள், அன்றைக்கு உங்களுக்கு அதற்குத் தெம்பு இருக்காது.